தட்டு மாறினால் மாத்திரையும் மாற வேண்டும்

நீரிழிவு நோய்க்கும் உடற்பருமனுக்கும் சிகிச்சை பெற வருவோரில் பலர், சோற்றை விட்டுவிடலாமா என்று எங்களிடம் கேட்கின்றனர். சிலர் கேட்பதற்கு முன்பே விட்டுவிட்டு வருகின்றனர். பேலியோ என்றும் கீட்டோ என்றும் பெயர் சொல்லி, அதனால் எடை குறைந்த உறவினரையும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய நண்பரையும் சான்றாகக் காட்டுகின்றனர். இக்கேள்விக்கு மருத்துவர்களிடமிருந்து இருவகை விடைகள் கிடைக்கின்றன. ஒரு சாரார் அதனை ஆபத்தான மோகம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார் எல்லா நோய்க்கும் அதுவே தீர்வு என்று முழங்குகின்றனர். இவ்விரு விடைகளும் நோயாளிக்கு உதவுவதில்லை என்பதே எங்கள் கருத்து.

மாவுச்சத்தைக் குறைத்து உண்பது வலிமை வாய்ந்த ஒரு சிகிச்சை. வலிமை வாய்ந்தது என்பதனாலேயே, மருந்துச் சீட்டு எழுதப்படும் அதே மேசையில் அதனைப் பேசித் தொடங்க வேண்டும். புத்தகத்தையோ காணொளியையோ மட்டும் துணையாகக் கொண்டு தொடங்கலாகாது. இவ்வுணவுமுறையைப் பரப்புவதில் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்ட இரு மருத்துவர்களின் வரலாற்றைப் பார்த்தால் இக்கருத்தின் காரணம் விளங்கும். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் ஆங்கிலேயர்.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் திசுக்களுக்குள் செலுத்தும் பணியைக் கணையம் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் போதிய அளவு வேலை செய்வதில்லை. காலப்போக்கில் அதன் சுரப்பும் குறைகிறது. உள்ளே வரும் மாவுச்சத்து குறைந்தால் இரத்தச் சர்க்கரையின் ஏற்றமும் குறையும் என்பது எளிய கணக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கும் கீழே மாவுச்சத்தைக் குறைத்தால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் எரிபொருளை மிகுதியாக உருவாக்கத் தொடங்கும். இந்நிலையை நோக்கி அமைக்கப்படும் உணவையே கீட்டோ உணவு என்கிறோம். மாவுச்சத்தைக் குறைக்கும் எல்லா உணவும் கீட்டோ உணவு ஆகிவிடாது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இச்சிந்தனை புதியதன்று. 1862இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்னும் முதியவர், செவித்திறன் குறைவதாக வில்லியம் ஹார்வி என்னும் செவி மருத்துவரிடம் சென்றார். பாண்டிங் மிகுந்த பருமன் கொண்டவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு ஹார்வி கூறினார். பாண்டிங் ஏறத்தாழ 20 கிலோ எடை குறைந்து, 1863இல் தம் அனுபவத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். உணவைக் கட்டுப்படுத்தி எடை குறைப்பதைக் குறிக்க ஸ்வீடன் மொழியில் இன்றும் வழங்கும் சொல், அவர் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

கீட்டோ உணவோ மருத்துவமனையிலேயே பிறந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்காக அதனை முன்வைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு அது இன்றும் வழங்கப்படுகிறது. 145 குழந்தைகளைக் கொண்டு லண்டனில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கீட்டோ உணவு பெற்றவர்களுள் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. அவ்வுணவைப் பெறாத பிரிவில் அந்த அளவு 6 சதவீதம் மட்டுமே. அங்கு ஒவ்வொரு கவளமும் எடை பார்த்து அளிக்கப்படுகிறது. உணவியலாளரும் நரம்பியல் மருத்துவரும் உடனிருந்து இரத்தப் பரிசோதனைகளைக் கவனிக்கின்றனர். அதாவது, கீட்டோ உணவு தன் தோற்றத்திலேயே மருந்தைப் போல அளவிட்டுக் கொடுக்கப்பட்ட ஒன்று.

இதனை மருத்துவமனையின் எல்லையைக் கடந்து கோடிக்கணக்கான வீடுகளின் சமையலறைக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் அட்கின்ஸ். 1930இல் பிறந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1955இல் மருத்துவம் முடித்து, நியூயார்க் நகரில் இதயநோய் மருத்துவராகப் பணியாற்றியவர். தம் உடல் பருத்ததைக் கண்டு கவலையுற்ற அவர், 1963இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையைப் படித்துத் தம் உணவை மாற்றினார். எடை குறைந்தது. பின்னர்த் தம்மிடம் வந்தோருக்கும் அதனையே பரிந்துரைத்தார். 1972இல் அவருடைய ‘டாக்டர் அட்கின்சின் உணவுப் புரட்சி’ வெளியாகி இலட்சக்கணக்கில் விற்றது. முதல் இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் மாவுச்சத்துக்கு மேல் கூடாது என்பது பின்னாளில் நன்கறியப்பட்ட அவரது விதி. ஒரு சிறு கிண்ணம் சோற்றில், அதாவது 150 கிராம் சோற்றில், ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் அவ்விதியின் கடுமை புலப்படும்.

மருத்துவ உலகம் அவர்மீது சினம் கொண்டது. 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உணவுக் குழு அவரது முறையை அறிவியல் அடிப்படையற்றது எனக் கண்டித்தது. இறைச்சியையும் வெண்ணெயையும் அளவின்றி உண்ணச் சொன்னால் இரத்தக் கொழுப்பு ஏறும் என்று அஞ்சியது. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவைக் குழுவின் முன்னும் அட்கின்ஸ் விளக்கமளிக்க நேர்ந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1992இல் நூலைப் புதுப்பித்து வெளியிட்டார். தம் பெயரில் நிறுவனம் தொடங்கி ஊட்டப் பொருள்களையும் விற்றார். 2003 ஏப்ரலில், பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, தமது 72ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்தபின், அவரது உடல்நலமே அவரது கொள்கைக்குச் சான்று என்று ஒரு சாராரும், எதிர்ச்சான்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். இரண்டும் பயனற்ற வாதங்கள். ஒரு மனிதரின் எடையோ இறப்போ ஓர் உணவுமுறையின் தகுதியை நிறுவாது. உங்கள் உறவினரின் வெற்றியும் அவ்வாறே. அது மகிழ்ச்சிக்குரியது, ஆயினும் உங்கள் உடலுக்கு விதியாகாது.

அட்கின்ஸ் பணியில் எங்களுக்கு உள்ள குறை வேறு. ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளித்தவரிடம் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தன. எத்தனை பேர் தொடங்கினர், எத்தனை பேர் இடையில் விட்டனர், எவருக்கு எது நேர்ந்தது என்னும் கணக்கு பல பத்தாண்டுகளாகப் பிற மருத்துவர் சரிபார்க்கத்தக்க ஆய்வாக வெளிவரவில்லை. இறுதிக் காலத்தில் அவரது மையத்தின் நிதியுதவியுடன் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர் எரிக் வெஸ்ட்மன் ஆய்வு ஒன்றை நடத்தி 2002இல் வெளியிட்டார். 51 பேர் சேர்ந்து 41 பேர் ஆறு மாதம் வரை தொடர்ந்தனர். அவர்களது எடை சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. நல்ல விளைவுதான். ஆனால் ஒப்பிடுவதற்கு வேறு பிரிவு அதில் இல்லை.

அட்கின்ஸ் மறைந்த மறுமாதம், 2003 மே மாதத்தில், ஒப்பீட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. பருமனான 63 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் அட்கின்ஸ் நூலைக் கொடுத்துப் படித்துப் பின்பற்றச் சொன்னார்கள். மற்றொரு பிரிவினருக்குக் கொழுப்பு குறைந்த வழக்கமான உணவு. மருத்துவக் குழுவுடனான தொடர்பு இரு பிரிவினருக்கும் மிகக் குறைவாகவே இருந்தது. ஆறாம் மாத முடிவில் நூலைப் பின்பற்றியோர் 7 சதவீதம் எடை குறைந்திருந்தனர். மற்றோர் 3 சதவீதம். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. சேர்ந்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் இருவர் இடையிலேயே விலகிவிட்டனர். அட்கின்ஸ் பிரிவினரிடம் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு குறைந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் உயர்ந்தது. ஆகவே 1973இல் அஞ்சியவர்களின் அச்சம் முழுமையாக நிறைவேறவில்லை. அட்கின்ஸ் அளித்த நம்பிக்கையும் முழுமையாக நிறைவேறவில்லை. ஒரு புத்தகம் ஒருவரை ஆறு மாதம் வரை அழைத்துச் செல்லும். அதற்குப் பின்னும் உடன் வர ஒரு மனிதர் தேவை என்று நாங்கள் இதிலிருந்து புரிந்துகொள்கிறோம்.

அவ்வாறு உடன் வந்த மருத்துவர் ஒருவரை இங்கிலாந்தில் காண்கிறோம். லிவர்பூல் நகருக்கு வடக்கே சவுத்போர்ட் என்னும் கடலோர ஊரில் பொது மருத்துவராக இருப்பவர் டேவிட் அன்வின். 1986 முதல் அதே ஊரில் பணியாற்றிய அவர், 2012 அளவில் தம்மிடம் வந்த ஒரு பெண், மாவுச்சத்தைக் குறைத்துத் தம் நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவந்திருப்பதைக் கண்டார். ரொட்டியும் சர்க்கரையாகவே மாறுகிறது என்பதை ஏன் தமக்கு இதுவரை சொல்லவில்லை என்று அப்பெண் கேட்டார். அக்கேள்வி மருத்துவரின் பிற்காலப் பணியையே மாற்றியது. 150 கிராம் பாஸ்மதி சோறு இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில் ஏறத்தாழ 10 தேக்கரண்டிச் சர்க்கரைக்கு நிகர் என்பன போன்ற எளிய அட்டவணைகளை அவர் நோயாளிகளுக்காக உருவாக்கினார். உளவியலாளரான தம் துணைவியாருடன் சேர்ந்து நோயாளிகளைக் குழுவாகச் சந்தித்தார். முதலில் 19 பேரின் முடிவுகளை 2014இல் வெளியிட்டார். பின்னரும் கணக்கை விடவில்லை.

2023இல் வெளியான அவரது கணக்கின்படி, மாவுச்சத்தைக் குறைக்கும் வழியைத் தேர்ந்துகொண்ட இரண்டாம் வகை நீரிழிவாளர் 186 பேர். சராசரியாக 33 மாதங்களுக்குப் பின் அவர்களுள் 51 சதவீதத்தினர் மருந்தின்றித் தணிவுநிலையை அடைந்திருந்தனர். தணிவுநிலை என்பது, சர்க்கரை மருந்து எதுவும் உட்கொள்ளாமல் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே நீடிப்பது. நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டிலேயே தொடங்கியோரிடம் அவ்விகிதம் 77 சதவீதம். அவரது மருத்துவ நிலையம் நீரிழிவு மருந்துகளுக்காகச் செலவிட்ட தொகை, அப்பகுதியின் சராசரியைக் காட்டிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 68,000 பவுண்டு குறைவு.

இவ்வெண்களைக் கண்டு மயங்கிவிடவும் வேண்டா. இது சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வன்று. விரும்பித் தேர்ந்தவர்களின் கணக்கு இது; விரும்பாதவர்களும் அதே ஊரில் இருந்தனர். ஆனால் அன்வின் செய்த மற்றொரு செயலையே நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம். 2019இல் அவரும் வேறு சில மருத்துவர்களும் சேர்ந்து, மாவுச்சத்தைக் குறைக்கும் நோயாளிக்கு எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எதனைக் குறைக்க வேண்டும், எதனைத் தொடரலாம் என்று பொது மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டியை எழுதினர். ஓர் உணவுமுறையைப் போற்றுவதோடு நில்லாமல், அதனால் எழக்கூடிய ஆபத்தையும் தம் பொறுப்பாக ஏற்பதே மருத்துவரின் கடமை. உணவைப் பரப்புவோர் பலர் இருக்கலாம். மருந்துச் சீட்டைத் திருத்தும் உரிமையும் கடமையும் மருத்துவருக்கே உரியவை.

அந்த ஆபத்து எத்தகையது என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நீங்கள் வழக்கமாக உண்ணும் சோற்றையும் இட்லியையும் கருத்தில் கொண்டே அவற்றின் அளவு முடிவு செய்யப்பட்டிருக்கும். சோறு நின்று மாத்திரை நிற்காவிட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், முதியோரிடம் வீழ்ச்சி, சில வேளைகளில் நினைவிழப்பு வரை அது செல்லும். ஊசி வழி இன்சுலின் செலுத்துவோருக்கு இவ்வாபத்து இன்னும் மிகுதி. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்துப் பாருங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதனையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

இதைவிட மறைவான ஆபத்து ஒன்றும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. இன்று பலரும் உட்கொள்பவை. இவற்றை உட்கொண்டபடியே கீட்டோ உணவைத் தொடங்கினால், கீட்டோன் அளவு மிகுந்து இரத்தம் அமிலத்தன்மை அடையக்கூடும். வழக்கமாக இந்நிலையில் இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருக்கும். இம்மாத்திரை உட்கொள்வோரிடம் அவ்வாறு உயராமலே அமிலத்தன்மை ஏற்படலாம். வீட்டில் சோதித்துப் பார்ப்பவர், சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது என்று காலம் தாழ்த்திவிடுவார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதுபற்றி எச்சரித்தது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையும் உணவு மாற்றத்தையும் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, உண்ண இயலாமை உள்ள நாள்களில் இம்மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்ட பின்னரே விழுங்குங்கள்.

மாவுச்சத்து குறையும்போது உடலிலிருந்து உப்பும் நீரும் முதல் வாரங்களில் கூடுதலாக வெளியேறும். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் உட்கொள்வோருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். அம்மாத்திரைகளின் அளவையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கணிசமாக உயர்வதுண்டு. தொடங்குமுன் ஒரு முறையும் சில மாதங்கள் கழித்து ஒரு முறையும் அதனைச் சோதித்தல் நன்று.

முதல் வகை நீரிழிவு உள்ளோர் எந்த உணவுமுறையின் பெயராலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. 1922இல் டொரண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்படுவதற்கு முன்பு, உணவை மிகக் கடுமையாகக் குறைப்பதே அந்நோய்க்குச் சிகிச்சையாக இருந்தது. அதனால் சில மாதங்கள், சில ஆண்டுகள் ஆயுள் நீண்டது, உயிர் நிலைக்கவில்லை. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், முற்றிய சிறுநீரக நோய் உடையோர், கணைய அழற்சிக்கு உள்ளானோர், உண்ணும் பழக்கத்தில் உளச்சிக்கல் உள்ளோர் ஆகியோர் கீட்டோ உணவைத் தாமே மேற்கொள்ளக் கூடாது.

மாவுச்சத்தைக் குறைப்பது ஒன்றே வழியா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். ஒன்றே வழி அன்று. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 609 பேர் பங்கேற்றனர். ஓராண்டில் கொழுப்பைக் குறைத்தோர் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தோர் 6 கிலோவும் இழந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் நடந்த மற்றோர் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் திரவ உணவைச் சில மாதங்கள் கொடுத்தார்கள். அதில் மாவுச்சத்தே பெரும்பங்கு. ஆயினும் ஓராண்டில் 46 சதவீதத்தினர் தணிவுநிலை அடைந்தனர். 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைந்தவர்களுள் 86 சதவீதத்தினர் அடைந்தனர். எடை கணிசமாகக் குறைந்து, கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு நீங்குவதே அங்குப் பயன் தந்தது. அந்த ஆய்வில் திரவ உணவு தொடங்கிய நாளிலேயே சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர் என்பதையும் கவனியுங்கள். தட்டும் மாத்திரையும் ஒரே நாளில் மாறின. பின்னர்த் தேவைப்பட்டவருக்கு மாத்திரை மீண்டும் கொடுக்கப்பட்டது.

இனி நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அவ்வாய்வில் பங்கேற்றோருள் 18,090 பேரின் தரவுகளைக் கணக்கிட்டு 2022இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிந்துரை, நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டோர் தணிவுநிலையை நோக்கிச் செல்ல மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதம் வரை குறைத்துப் புரதத்தை ஏறத்தாழ 20 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்பதாகும். இது அட்கின்ஸ் விதித்த 20 கிராம் அன்று, கீட்டோ உணவுமன்று. நம்மில் பெரும்பாலோர் நெடுநாள் கடைப்பிடிக்கக்கூடிய அளவு.

நடைமுறையில் இதன் பொருள், சோற்றை மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர், பன்னீர், கீரை, பொரியல், கூட்டு ஆகியவற்றை நிரப்புவது. காய்களில் உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் சோற்றின் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம், இனி அளவு பார்க்கத் தேவையில்லை என்று எண்ணுவோர் உளர். கம்பிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் அவற்றிலும் மூன்றில் இரு பங்கு மாவுச்சத்துதான். கூழாகவும் கஞ்சியாகவும் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும்.

இதில் செலவுக் கேள்வியும் உண்டு. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. முட்டையும் மீனும் பன்னீரும் காசு கொடுத்தே வாங்க வேண்டியவை. ஒருவருக்காக மட்டும் இவற்றை வாங்க இயலாத வீடுகள் பல. அங்குத் துவரம்பருப்பும் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் முருங்கைக்கீரையும் கைகொடுக்கும். வீட்டில் சமைப்பவரின் சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளிக்கு ஒரு பானை, மற்றவர்க்கு ஒரு பானை என்றால் சில வாரங்களில் அவர் களைத்துப்போவார். குழந்தைகளுக்குச் சோற்றின் அளவைக் குறைக்காமல், பருப்பையும் காயையும் எல்லோருக்கும் கூட்டிச் சமைத்தால் ஒரே அடுப்பில் வேலை முடியும். நோயாளியின் தட்டில் மட்டும் சோற்றுக் கரண்டி ஒன்று குறையும்.

மருத்துவர்களாகிய எங்கள் தரப்பின் கடமையையும் சொல்லியாக வேண்டும். சோற்றைக் குறைக்கலாமா என்று கேட்கும் நோயாளியை நாங்கள் சிரித்துத் தள்ளினால், அவர் அடுத்த முறை கேட்க மாட்டார், சொல்லாமல் செய்வார். சொல்லாமல் செய்பவரின் மாத்திரையை எங்களால் குறைக்க இயலாது. அட்கின்ஸ் காலத்து மருத்துவ உலகம் கண்டனத்தோடு நின்றுவிட்டதால், ஆய்வு செய்திருக்க வேண்டிய முப்பது ஆண்டுகள் வீணாயின. மக்கள் புத்தகத்தை நம்பித் தாமே நடந்தனர். அந்நிலை இங்கு வரக் கூடாது. நேரமில்லை என்பது புறநோயாளிப் பிரிவில் உண்மையான இடர்தான். ஆனால் உணவைப் பற்றிய ஐந்து நிமிடப் பேச்சு, பின்னாளில் அவசரப் பிரிவில் கழியும் ஓர் இரவைத் தவிர்க்கும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இது. உணவை மாற்ற எண்ணினால், மாற்றுவதற்கு முன் வாருங்கள். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சித்த மருந்தும் சத்து மாவும் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். எந்த நாளில் தொடங்குவது, எந்த மாத்திரையை அன்று நிறுத்துவது, எத்தனை முறை சர்க்கரையைச் சோதிப்பது என்று சேர்ந்து முடிவு செய்வோம். முதல் இரு வாரங்களின் அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓர் உணவுமுறையைப் பரிந்துரைப்பவர் யாராயினும், எத்தனை பேர் இடையில் விட்டனர், என் மாத்திரையை என்ன செய்வது, நீங்கள் ஏதேனும் பொருள் விற்கிறீர்களா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்களிடமும் அவற்றைக் கேட்கலாம்.

ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் தயங்க வேண்டா. உங்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. அடுத்த முன்பதிவு வரை காத்திராமல் இவ்வாரமே வந்து, உணவில் எதனைக் குறைத்தீர்கள் என்று சொல்லுங்கள். மாத்திரையில் எதனைக் குறைக்கலாம் என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.